தாயத்துக்கு என்ன வடிவம்?

அமெரிக்காவில், சன்னிவேலில் அந்த அபார்ட்மெண்ட் குழந்தைகள் எல்லாம் சனிக்கிழமை காலையில் நாகரத்தினத்தின் வாசலில்தான் ஷூ கழற்றுவார்கள். வட்டம், சதுரம், முக்கோணம் என்று அட்டையில் வெட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பாள். தொண்ணூற்றெட்டு கோடையில் எதிர்வீட்டு ஷ்யாமளா வெகேஷனுக்கு ஹவாய் போய்வந்தாள். வந்த வாரமே ஷூவெல்லாம் எதிர்வாசலுக்குக் குடிமாறிவிட்டன. அதில் ஒரு ஜோடி நாகரத்தினத்தின் சொந்த மகள் வெண்பாவுடையது. எதிர்க்கடையில் கூட்டம் சேர்ந்தாலே வயிறு எரியும். பெற்ற பிள்ளையே அங்கே போய் வரிசையில் நின்றால்?

விசாரித்தாள். எரிமலைப் பாறையில் அந்தக் காலத்து ஆட்கள் செதுக்கிய உருவங்களைப் படம் பிடித்து வந்து, மனித உருவத்தின் மார்பைக் காட்டி முக்கோணம் என்றும், குழியைச் சுற்றிய கோட்டைக் காட்டி வட்டம் என்றும் சொல்லித்தருகிறாளாம். கேட்டதிலிருந்து நாகரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குழியெல்லாம் சவக்குழி, பச்சைப் பிள்ளைகள் பார்க்கலாமா என்று கீழ்வீட்டு மீனாக்ஷியின் காதில் ஒரு சரக்கை அளந்துவிட்டாள். மீனாக்ஷியிடம் சொன்னால் போதும், தபால் செலவு மிச்சம்.

அடுத்த சனிக்கிழமை அம்மாக்கள் திரண்டுபோய் ஷ்யாமளாவைக் கேட்டார்கள். வேடிக்கை பார்க்க நாகரத்தினமும் போனாள்.

ஷ்யாமளா பதறவில்லை. "சவக்குழியா? யாரு சொன்னா? குழந்தை பொறந்தா தொப்புள்கொடிய அந்தக் குழியில வெப்பாங்களாம். ஆயுசு கெட்டியா இருக்கணும்னு."

அம்மாக்களின் முகம் இளகிவிட்டது. அதற்குள் வெண்பா சட்டையைத் தூக்கி, அரைஞாணில் தொங்கிய வெள்ளித் தாயத்தைக் காட்டினாள். தன் தொப்புள்கொடி இதற்குள் இருக்கிறது என்று இங்கிலீஷில் பெருமையடித்துவிட்டு, "வாட் ஷேப், ஆன்ட்டி?" என்றாள்.

ஷ்யாமளா குனிந்து பார்த்தாள். "ரெக்டாங்கிள், கண்ணா."

ஒரு வாரமாக இறங்காத சோறு நாகரத்தினத்துக்கு அப்போது இறங்கியது. தாயத்தை இரண்டு விரலில் பிடித்து உருட்டிக் காட்டினாள்.

"ரெக்டாங்கிள் உருளுமாங்க? இது சிலிண்டர். தட்டையா இருக்கறது உங்க பாறையிலயே இருக்கட்டும். உருண்டை, உருளையெல்லாம் அடுத்த வாரத்துலிருந்து நம்ம வீட்டுலங்க."

"ஆளுக்குப் பாதியா அக்கா?" என்று சிரித்தாள் ஷ்யாமளா. பேரம் அங்கேயே படிந்தது.

மறுவாரம் ஷூக்கள் திரும்பி வந்தன. லட்டு, தேங்காய், டம்ளர் என்று பரப்பிவைத்து நாகரத்தினம் பாடம் நடத்தினாள். முடிந்ததும் பிள்ளைகள் எதிர்வாசலுக்குப் பாய்ந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் வெண்பா.

"இரு சாமி, லேஸ் அவுந்து கெடக்குது பாரு" என்று நாகரத்தினம் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். ஒரு முடிச்சுப் போட்டாள். அதைப் பிரித்து, மறுபடியும் மெதுவாகப் போட ஆரம்பித்தாள்.