அமோனியாவுக்கு இரண்டு மதிப்பெண்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்களும் இன்றைக்கே உதிரட்டும்.

வேதியியல் ஆசிரியர் ஒருவர் இருந்தார். எந்த வளைவையும் கண்ணால் பார்த்தே அதன் கோணத்தைச் சொல்லிவிடுவார் என்பதால் அவருக்குக் கோணமானி என்று பெயர். முடிதிருத்துபவர்கள் பெரிய மீசைகளில் கை வைக்கும் முன் அவருக்கு ஆள் அனுப்புவார்கள். பூனை வாலைத் தூக்கினால் "நூற்றுப் பத்து" என்பார். எந்தப் பூனையும் மறுத்ததில்லை.

அப்பேர்ப்பட்டவரைத்தான் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குத் தலைவராகப் போட்டார்கள். விடைக்குறிப்பும் அவரே எழுதினார். மூன்றாம் நாள் முற்பகல் அவர் கைக்கு வந்த தாளில், அமோனியாவின் வடிவம் என்று ஒரு மாணவி பிரமிடு வரைந்திருந்தாள். விடைக்குறிப்பிலோ தட்டை முக்கோணம். சுழி போட்டார். கூட்டினார். முப்பத்து மூன்று. தேர்ச்சிக்கு இரண்டு குறைவு. அந்தக் கேள்விக்கும் இரண்டுதான்.

படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. 'நைட்ரஜனைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன் மட்டும் இல்லை. யாரோடும் சேராத எலக்ட்ரான் இணை ஒன்றும் மேலே இருக்கிறது. இணைகள் ஒன்றையொன்று விலக்கும். அது மற்ற மூன்றையும் கீழே தள்ளிவிடும்.'

கோணமானிக்குக் காது மடல் சுட்டது. முப்பது வருடமாக வகுப்பில் அவர் தொண்டை கிழியக் கத்துவது இதைத்தான். குறிப்பு எழுதும்போது கண்ணுக்குத் தெரிந்த மூன்று தலைகளை மட்டும் எண்ணித் தொலைத்துவிட்டார்.

தாளைக் கட்டின் அடியில் செருகினார். ஒரு நிமிடம் நிம்மதி. அடுத்த நிமிடம் அந்தக் கட்டின்மேல் கை வைக்கவே கூசியது. எழுந்தார், தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

எதிரே அவருடைய மனைவியின் தம்பி. அவனும் வேதியியல் வாத்தியார்தான்.

"என்ன அத்தான், நாற்காலியில முள்ளா?"

"ஒண்ணுமில்ல மாப்ளே. அந்த அமோனியாவுக்கு எல்லாரும் எப்படிப் போட்டீங்க?"

"நீங்க எழுதினபடிதான். தட்டைன்னா மார்க்கு, பிரமிடுன்னா முட்டை."

"அது தப்புன்னு ஒருத்தருக்குமா தோணல?"

பக்கத்திலிருந்த கண்ணாடி போட்ட டீச்சர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "முதல் நாளே தோணுச்சு சார். ஆனா எழுதினது நீங்களாச்சே. சரி, அமோனியாதான் மாறிடுச்சு போலன்னு விட்டுட்டோம்."

"எனக்கும் தெரியும் அத்தான்," என்றான் மைத்துனன். "உங்களைத் திருத்தப்போய் அக்காகிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

அவர்கள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இருபது பேரும் அவரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. நாற்காலிமேல் ஏறி நின்றார். அடுத்த அறையில் திருத்திக்கொண்டிருந்த கணக்கு ஆசிரியர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"தப்பு என்னோடது. ஆயிரத்து எண்ணூறு தாளையும் பிரிங்க."

பிரித்தார்கள். இரண்டு நாள் ஆனது. முகாமில் சிவப்பு மை தீர்ந்தது; கடைத்தெருவிலும் தீர்ந்தது. கடைசி எண்பது தாள்களுக்கு, தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்த கோணமானியின் வெட்கத்தில் சிவந்த கன்னத்தில் பேனா முனையைத் தொட்டுத் தொட்டு எழுதினார்கள். எண்பது தாளுக்குப் பிறகும் அந்தக் கன்னம் வெளுக்கவில்லை.

தேநீர் வேளையில் நான்கு நாற்காலி போட்ட மேசையில் ஒரு நாற்காலியில் கோணமானி அமர்ந்தார். மற்ற மூவரும் என்ன பேசுவதென்று தெரியாமல், நாற்காலிகளை அவரைவிட்டு நகர்த்தி ஒருவரோடொருவர் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். அந்த இடைவெளியை ஒரு தரம் பார்த்தார். வாழ்நாளில் முதல் முறையாக அதன் கோணம் என்னவென்று சொல்லாமல், கோப்பைக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

கட்டின் அடியில் செருகிய தாளை எல்லாவற்றுக்கும் கடைசியாக உருவினார். சுழியை அடித்து இரண்டு போட்டார். முப்பத்து மூன்று முப்பத்தைந்தானது. திருத்திய இடத்தில் சட்டப்படி முழுக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று முறை பேனாவை வைத்து எடுத்து, நான்காவது முறை போட்டார்.

அந்த ஆண்டு வேதியியல் வினாத்தாளில் அமோனியாவைப் பற்றிக் கேள்வியே கிடையாது. இப்போது என் வாயில் பல் ஒன்றும் மிச்சமில்லை.