சாத்தானுக்கு ஒரு களிம்பு

மருந்துக் கடைக்குள் நுழைந்தபோது சாத்தானின் இடது கொம்பு கதவு நிலையில் இடித்தது. பக்கவாட்டில் திரும்பி, தலையைச் சாய்த்து, ஒரு வழியாக உள்ளே வந்தான். வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரூரோ என்ற மலை நகரத்தில், கார்னிவல் திருவிழாவின் சாத்தான் நடனத்துக்கு முகமூடி செய்கிறவர்களின் தெரு அது. கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால், முகமூடி தலையில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே ரொட்டி வாங்குவார்கள், மனைவியிடம் திட்டும் வாங்குவார்கள்.

"சொல்லுங்க, சாத்தான் சார்," என்றாள் கடையில் வேலை செய்யும் சுல்மா.

"பருவுக்கு மருந்து இருக்கா? எனக்கில்ல. ஃப்ரெண்டுக்கு."

"உங்களுக்கில்லன்னு தெரியுது. உங்க மூஞ்சிதான் பெயிண்ட் அடிச்ச மாதிரி பளபளன்னு இருக்கே."

பெண்கள் சிரித்தார்கள். முகமூடிக்குள் லிம்பெர்த்துக்கு வியர்த்தது.

அவனுக்கு இருபத்து நான்கு வயது. மூன்றாம் நம்பர் தடத்தில் மினிபஸ் ஓட்டுகிறான். நவம்பரில் நடனப் பயிற்சி தொடங்கிய முதல் ஞாயிறு, தாடையில் ஒரே ஒரு பரு இருந்தது. அதை மறைக்க முகமூடியைப் போட்டுக்கொண்டான். மற்ற சாத்தான்கள் எல்லாரும் பயிற்சிக்கு வெறும் முகத்தோடுதான் வருவார்கள். முகமூடி கார்னிவல் சனிக்கிழமைக்கு மட்டும். அடுத்த ஞாயிறு பரு ஏழாயிற்று. அதற்கடுத்த வாரம் எண்ணுவதை விட்டுவிட்டான். நெற்றி, கன்னம், தாடை எல்லாம் பழுத்துச் சிவந்து நின்றன. முகமூடியை இன்னும் இறுக்கிக் கட்டினான்.

மினிபஸ் ஓட்டுகிறவனின் முகம் முன் கண்ணாடியில் பதினான்கு பயணிகளுக்கும் தெரியும். பதினான்கு பேரிடமும் வைத்தியம் இருந்தது.

"தம்பி, பல் பேஸ்ட் தடவு. வெள்ளை பேஸ்ட். பச்சை வேலைக்காகாது."

"முட்டையோட வெள்ளைக்கரு."

"கல்யாணம் பண்ணிக்க. தானா போயிடும்."

"எனக்குக் கல்யாணத்துக்கு அப்புறந்தான் வந்துச்சு," என்றார் பின் சீட்டுக்காரர்.

கல்யாணத்தைத் தவிர எல்லாவற்றையும் செய்து பார்த்தான். துணி துவைக்கிற சோப்பால் ஒரு நாளைக்கு ஐந்து முறை முகத்தைத் தேய்த்தான். தோல் எரிந்ததுதான் மிச்சம். பரு அசையவில்லை.

காலை ஏழு மணி ஓட்டத்தில் சுல்மா அவன் பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள். கையில் ஊதாச் சோளக் கூழ் ஆவி பறக்கும். கடைக்கு வந்தவர்களின் கதைகளைச் சொல்லிக்கொண்டே வருவாள். இருமல் மருந்தை முழங்காலில் தடவிக்கொண்டவரின் கதைக்குச் சிரித்து அவன் சிக்னலைத் தாண்டிப் போயிருக்கிறான். முகம் பழுத்ததும் மாலை ஓட்டத்துக்கு மாறிக்கொண்டான். ஐந்து வாரமாயிற்று. பக்கத்து சீட்டில் இப்போது யார் யாரோ உட்கார்ந்தார்கள்.

"உங்க ஃப்ரெண்டுக்கு எங்கெங்க இருக்கு?"

"நெத்தி, கன்னம், தாடை. மூக்குல இல்ல."

சுல்மா மேசைக்கு மேல் எக்கி, முகமூடியின் கழுத்து வழியே இரண்டு விரலை விட்டு, உள்ளே ஒட்டியிருந்த ஸ்பாஞ்சை அழுத்தினாள். விரலை முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"இது எத்தனை வருஷத்து ஸ்பாஞ்ச்?"

"வாங்கும்போதே இருந்துச்சு. பழைய முகமூடி."

"ஃப்ரெண்டோடதும் இப்படித்தான் நாறும். இது அழுத்துற இடத்துலதான் பரு. மூக்குல படல, அதான் மூக்குல இல்ல. மொதல்ல இதைப் பிச்சு எறியச் சொல்லுங்க. புது ஸ்பாஞ்ச், அதுக்கு மேல பருத்தித் துணி. போட்டுக் கழட்டினா துணியைத் துவைக்கணும். பயிற்சிக்கு வெறும் மூஞ்சியோட போகணும்."

"வெறும் மூஞ்சியோடயா?" சாத்தானின் குரல் கீச்சென்று வந்தது.

"பரு என்ன திருட்டுச் சாமானா, ஒளிச்சு வைக்க?"

ஒரு சிறிய குழாய்க் களிம்பை எடுத்து வைத்தாள். "ராத்திரி முகம் கழுவி, ஈரம் போனதும் ஒரு பட்டாணி அளவு. பரு பருவா பொட்டு வைக்கக் கூடாது, அந்த இடம் முழுக்க மெல்லிசா தடவணும். தலையணை உறை வெளுத்துப்போகும், அலற வேண்டாம். காரமில்லாத சோப்பு, ரெண்டே வேளை. கிள்ளக் கூடாது. காலையில வெயில் கிரீம். எலுமிச்சம்பழம் பக்கம் போகவே கூடாது. எட்டு வாரம் ஆகும்."

"கார்னிவலுக்கு ஒம்பது வாரந்தான் இருக்கு!"

"அப்ப ஒரு வாரம் லாபம். என் தம்பி கரடி வேஷம் ஆடுறான். சனிக்கிழமை கோயிலுக்குள்ளயே நிப்பேன், முகமூடி கழட்டினதும் எல்லாருக்கும் தண்ணி குடுக்க. உங்க ஃப்ரெண்டையும் பார்த்துடுறேன்."

 சாத்தான்கள் நகரம் முழுக்க ஆடி வந்து, சுரங்க மாதா கோயிலில் முட்டி போட்டு, முகமூடியைக் கழற்ற வேண்டும். கொம்போடு யாரும் மாதாவின் முன்னால் இருக்க முடியாது.

வெளியே ஹாரன் அலறியது. மினிபஸ்ஸிலிருந்து ஒரு பெண்மணி கத்தினாள்: "லிம்பெர்த்! நாங்க இங்கேயே குடித்தனம் பண்ணணுமா?"

சாத்தான் குழாயைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். வலது கொம்பும் நிலையில் இடித்தது. தன் பெயர் சுல்மாவின் காதில் விழுந்திருக்காது என்று வண்டியில் ஏறியதும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு வெறும் முகத்தோடு பயிற்சிக்குப் போனான். கூட ஆடும் கிரோவர் மைதானத்தின் மறுகோடியிலிருந்தே ஆரம்பித்தான்.

"வாடா, நிலா! முகமூடியே அழகா இருந்துச்சேடா!"

இரண்டு ஞாயிறு இப்படியே போயிற்று. மூன்றாம் ஞாயிறு டிரம்ஸ்காரர் தங்கப் பல் கட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் அவரிடம் போய்விட்டார்கள்.

ஐந்தாம் வாரம் பாதிப் பரு வற்றிவிட்டது. தலையணை உறைகள் வெளுத்துப் புள்ளிபுள்ளியாக நின்றன. அத்தோடு பொறுமையாக இருந்திருக்கலாம்.

"பாதிதானே போயிருக்கு," என்றான் கிரோவர். "எலுமிச்சையைப் பிழிஞ்சு விட்டுட்டு வெயில்ல நில்லுடா. எங்க சித்திக்கு மூணே நாள்ல போச்சு."

லிம்பெர்த் பிழிந்துகொண்டான். மலை மேலிருக்கும் ஊர். வெயில் கைக்கெட்டும் தூரத்தில் காயும். உச்சிப்பொழுதில் இரண்டு மணி நேரம் ஆடினான். மறுநாள் கன்னம் வெந்து சிவந்தது. ஒரு வாரத்தில், சாறு வழிந்த தடத்திலேயே காதிலிருந்து தாடை வரை ஒரு பழுப்புக் கோடு விழுந்தது.

மறுபடியும் முகமூடியோடு கடைக்குப் போனான்.

"எப்படி இருக்கார் ஃப்ரெண்டு? எலுமிச்சை எதுவும் போடலயே?"

"சேச்சே. அவன் அந்த மாதிரி ஆளில்ல."

"சந்தோஷம். போட்டா இந்த வெயிலுக்கு மூஞ்சியில மேப் வரைஞ்சிடும். பரு போனாலும் அது போக மாசக்கணக்காகும்."

கன்னத்தைத் தொடப் போனான். கை தகரத்தில் பட்டது.

சனிக்கிழமை விடிந்தது. உடை மாற்றும்போது கிரோவர் காதருகே வந்தான். "பயமா இருந்தா வயித்து வலின்னு படுத்துக்கடா."

லிம்பெர்த் மாதாவுக்கு மூன்று வருஷம் ஆடுவதாக நேர்ந்துகொண்டவன். சரிவில் பிரேக் பிடிக்காமல் போய், வண்டி ஒரு உப்பு வண்டிக்கு ஒரு முழம் முன்னால் தானாக நின்ற அன்று நேர்ந்துகொண்டது. இது மூன்றாம் வருஷம்.

"அன்னிக்கு மாதா வயித்து வலின்னு படுத்துக்கலயேடா," என்றான்.

நான்கு மணி நேரம் ஆடினார்கள். பித்தளை வாத்தியங்கள் அதிர்ந்தன. மாடிகளிலிருந்து பிள்ளைகள் தண்ணீர் பலூன்களை எறிந்தார்கள். கோயில் வாசலில் ஆட்டம் நின்றது. முட்டி போட்டு உள்ளே நகர்ந்தார்கள். ஒவ்வொரு முகமூடியாகக் கழன்றது. கீழே வியர்த்த, அழுத, சாதாரண முகங்கள். சுல்மா தண்ணீர்ப் போத்தலோடு வரிசையாக வந்துகொண்டிருந்தாள்.

லிம்பெர்த் கடைசி ஆளாகக் கழற்றினான். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. தாடையில் இரண்டு பருதான் பாக்கி. பழுப்புக் கோட்டுக்கு மட்டும் போக்கிடமில்லை. மாதாவை நிமிர்ந்து பார்த்தான். சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. நன்றி என்று மட்டும் சொன்னான்.

போத்தல் அவன் முன்னால் நின்றது.

"எலுமிச்சை போடலன்னு சொன்னியே!"

ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். லிம்பெர்த் குரலைத் தாழ்த்தினான். "அது... என் ஃப்ரெண்டு..."

"எந்த ஃப்ரெண்டு? மூணாம் நம்பர் வண்டியைக் கடை வாசல்ல குறுக்க நிறுத்திட்டு வர்ற சாத்தான் ஊர்ல எத்தனை பேரு?"

"மொதல்லயே தெரியுமா?"

"உன் பேரைச் சொல்லிக் கத்தினது தெரு முழுக்கக் கேட்டுச்சே."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீயா கழட்டுவேன்னு இருந்தேன். காலை வண்டியை இப்ப வேற ஒருத்தர் ஓட்டுறார். முழங்கால்ல இருமல் மருந்து தடவின கதையைச் சொன்னேன். 'பாவம், வலி குறைஞ்சுதா'ன்னு கேக்குறார்."

லிம்பெர்த் சிரித்துவிட்டான். பாதிரியார் முறைத்தார். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள். முற்றத்து வெயிலில், பையிலிருந்த வெயில் கிரீமை எடுத்து அவன் கன்னத்தில் அப்பினாள். கோட்டின் மேல் விரல் மெதுவாகப் போயிற்று.

"எனக்கும் கொஞ்சம்," என்று கிரோவர் முகத்தை நீட்டினான்.

"எலுமிச்சைக்காரன் நீதானா?"

போத்தலில் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதும் அவன் தலையில் இறங்கியது. கார்னிவலில் தண்ணீருக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கிரோவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

விடுமுறை முடிந்த வியாழக்கிழமை, காலை ஏழு மணி ஓட்டத்துக்கு லிம்பெர்த் திரும்பியிருந்தான். பக்கத்து சீட்டில் சுல்மா, கையில் கூழ். பின் சீட்டுக்காரர் முன் கண்ணாடியில் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"பரு போயிடுச்சேப்பா! கன்னத்துல அது என்ன கறை? எலுமிச்சம்பழத்தைத் தேய், போயிடும்."

சுல்மா கூழைக் கீழே வைத்தாள்.

"வண்டியை நிறுத்து," என்றாள். "இவர் நடந்து வருவார்."