இரண்டாம் கையெழுத்து

சிவப்பு ஸ்டிக்கர் இருந்தால் போகிற சாமான். பச்சை இருந்தால் என்னோடு வருகிற சாமான். லாரிக்காரருக்கு இதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"மஞ்சள் ஏதும் இல்லையே சார்?"

"இல்லை."

"பிழைச்சோம். போன வாரம் ஒரு வீட்டுல மஞ்சள்னா யோசிக்கணும்னு வெச்சிருந்தாங்க. வீடு பூரா மஞ்சள். அவங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு நரைச்சுப்போச்சு."

அவரோடு வந்தவர் ஆறடிக்கு மேல் இருந்தார். லாரிக்காரர் அவரைக் குட்டி என்று கூப்பிட்டார். குட்டி கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பாதிக்கு மேல சிவப்புதான்" என்றார். சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

லாரி ஓர் அறக்கட்டளையுடையது. புழங்கிய சாமான்களை எடுத்துப்போய்ச் சரிசெய்து, இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறார்கள். பதினொரு மணிக்கு அவர்கள் அடுத்த வீட்டில் இருக்க வேண்டும். நான் மாலைக்குள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். போகிற இடம் ஒற்றை அறை.

ஸ்டிக்கர்களை ஒட்டியவள் என் மனைவி. அவள் இறந்து நான்கு மாதம் ஆகிறது. அவள் ஒட்டியது ஒட்டியபடியே நடக்க வேண்டும், இன்றைக்கு எனக்கு வேலை அவ்வளவுதான். நானாக எதையும் எடுத்துப் பார்க்க வேண்டாம், முடிவு செய்ய வேண்டாம். நான்கு மாதமாக இதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதைச் செய்தேன் என்பதாவது மிஞ்சும்.

நாங்கள் இருவரும் ஒரே கிடங்கில் வேலை பார்த்தோம். மோட்டார் உதிரி பாகங்கள். அவள் இருப்பு எடுக்கும் பிரிவு, நான் சரக்கு அனுப்பும் பிரிவு. மூன்று வருடம் நகராத சரக்கில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கழித்துவிடுவார்கள். ஸ்டிக்கரில் இரண்டு கோடுகள் இருக்கும். முதல் கோட்டில், கழிக்கலாம் என்று சொல்பவர் கையெழுத்துப் போடுவார். வேறு பிரிவைச் சேர்ந்த ஒருவர் போய்ப் பொருளைக் கண்ணால் பார்த்து இரண்டாவது கோட்டில் போட வேண்டும். அவருக்கு மனம் ஒப்பவில்லையென்றால் ஸ்டிக்கரை உரித்துவிடலாம். காரணம் எழுத வேண்டியதில்லை. உரித்தால் பொருள் இருக்கும்.

விதி இது. எண்ணூறு பெட்டியை யார் போய்ப் பார்ப்பது? காலையில் டீ குடிக்கும்போதே தாள் தாளாக வெற்று ஸ்டிக்கர்களில் இரண்டாம் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடுவோம். லாரி வருவதற்குள் ஒரு நடை போய்ப் பார்த்து வேண்டியதை உரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. யாரும் போனதில்லை. ஒருமுறை மேலாளரின் புது மேஜை விசிறியே கழிசலோடு போய்விட்டது. ஒரு வாரம் வேர்த்துக்கொண்டே எங்களைத் திட்டினார். அதற்கடுத்த வாரமும் டீயோடு தாள்கள் வந்தன, போட்டோம்.

உடம்பு முடியாமல் அவள் வேலையை விட்ட பிறகு, "வீட்டுல இருப்பு எடுக்கப்போறேன், தாள் கொண்டு வாங்க" என்றாள். கொண்டுவந்தேன். பச்சைக்குக் கையெழுத்து வேண்டாம். சிவப்புக்கு வேண்டும்.

"ரெண்டாவது கையெழுத்து யாரு போடுவா?" என்று கேட்டாள்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆறு தாள்களிலும் போட்டுக் கொடுத்தேன். நூற்று நாற்பத்துநான்கு ஸ்டிக்கர். மருந்துக்கடைக்காரரோடு போனில் பேசிக்கொண்டே போட்டேன். எதிரே உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாய் வாலை நிமிர்த்தினாலும் அனுப்பற பிரிவை நிமிர்த்த முடியாது" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைவு.

அவள் சொல்வதற்கு மறுபேச்சுப் பேசக்கூடாது என்று நான் தீர்மானித்திருந்த நாட்கள் அவை. சாப்பாடு வேண்டாமென்றால் சரி. விளக்கை அணைக்கச் சொன்னால் சரி.

லாரி வந்து சிறிது நேரத்தில் அத்தை வந்தார். அவளுடைய அம்மா. கையில் ஒரு காலிப் பை.

"வாங்க அத்தை. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு மாப்பிள்ளை. நீங்க?"

"ஆச்சு."

இருவரும் பொய் சொன்னோம்.

முதலில் சைக்கிள் போனது. பிறகு தையல் மெஷின், ஷூ அலமாரி, பூப்பந்து மட்டைகள், பழைய நிலப்படங்கள் கட்டிய பெட்டி. அவளுக்கு நிலப்படம் பார்ப்பது பிடிக்கும். போகாத ஊரின் தெருக்களை விரலால் தடவி, இந்தப் பக்கம் போனால் குறுக்கு வழி என்பாள். குட்டி ஐந்து கிலோ இரும்பு டம்பெல் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இது யாரு சார் தூக்கறது?" என்றார்.

"யாரும் தூக்கினதில்லை. கதவு காத்துல அடிக்காம இருக்கறதுக்கு."

"கதவுக்கு நல்ல உடம்பு" என்று தோளில் வைத்துக்கொண்டு போனார்.

அத்தை ஓரமாக நின்று ஒவ்வொன்றும் வெளியே போவதைப் பார்த்தார். எதையும் பையில் போட்டுக்கொள்ளவில்லை. மழைக்கோட்டு போனபோது கையை நீட்டி அதன் கையைத் தொட்டார், குட்டி நின்றார், அத்தை விட்டுவிட்டார்.

"மாப்பிள்ளை, நீங்க எதையுமே நிறுத்தலையா?"

"எல்லாம் அவ ஒட்டினதுதான் அத்தை."

"ஒட்டினது அவதான். கீழ உங்க கையெழுத்து இருக்கே."

"அது முன்னாடியே போட்டது."

"முன்னாடியேன்னா?"

"வெறும் தாள்ல. ஒட்டறதுக்கு முன்னாடி. குடோன்ல அப்படித்தான் செய்வோம்."

"அது தெரியும். அவ சொன்னா. அப்புறமா நீங்க வந்து பார்ப்பீங்கன்னும் சொன்னா."

சன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. அத்தை அதில் உட்கார்ந்தார். வேலையை விட்டபின் இருந்த ஐந்து மாதமும் அவள் அதில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் வேலைக்குப் போன பிறகு பகலெல்லாம் அத்தை கூட இருப்பார். அவள் விரல் நீட்டுவாள், அத்தை ஒட்டுவார்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"குடோன்ல லாரி வர்றதுக்குள்ள ஒரு நடை வந்து பார்ப்பாங்களாமே. வேணும்னா உரிச்சிடுவாங்களாமே. நீங்க காலையில கெளம்பினதும் என்னைச் சுத்திப் பார்க்கச் சொல்வா. 'ஏதாவது உரிஞ்சிருக்காம்மா? அலமாரிப் பக்கம் பார்த்தியா? சைக்கிள்ல?' நான் இல்லைம்பேன். 'சரி, நேத்து லேட்டா வந்தார், இன்னிக்குப் பார்ப்பார்'ம்பா. அன்னிக்கு வேற ரெண்டு ஒட்டச் சொல்வா."

நான் கூடத்தின் நடுவுக்கு வந்து நின்றேன்.

"நீங்களே பாருங்களேன். பச்சை எதுல இருக்கு, சிவப்பு எதுல இருக்கு?"

பார்த்தேன். என் மேஜை பச்சை. என் சட்டைகள் இருந்த பெட்டி பச்சை. என் கட்டில், என் ரேடியோ, நான் டீ குடிக்கிற டம்ளர். சிவப்பெல்லாம் அவளுடையது. நான்கு மாதம் இவற்றுக்கு நடுவே நடந்திருக்கிறேன். அதற்கு முன்பு ஐந்து மாதம்.

"ஒரு நாள் சுவர்க் கடிகாரத்துல ஒட்டினது கீழ விழுந்து கெடந்தது" என்றார் அத்தை. "ஃபேன் காத்துல பசை விட்டுடுச்சு. கொண்டுபோய்க் காட்டினேன். 'உரிச்சிட்டார்மா'ன்னு சிரிச்சா. நான் காத்துன்னு சொல்லலை. அன்னிக்கு ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தை."

"சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டா. சொல்லி உரிச்சா அதுல என்னம்மா இருக்குன்னு கேட்டா."

லாரிக்காரர் வாசலில் வந்து நின்றார். "சார், பாதி ஏத்தியாச்சு. கண்ணாடி அலமாரிக்குப் போர்வை ஏதாவது இருந்தா குடுங்க."

நான் அவரைத் தாண்டி வெளியே போனேன். லாரியின் பின்பலகையில் கால் வைத்து ஏறினேன். உள்ளே எல்லாம் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். சைக்கிள் இருக்கையில் ஸ்டிக்கர் இருந்தது. மேலே அவள் கையெழுத்து, தேதி. கீழே என்னுடையது. நிலப்படப் பெட்டியில் இன்னொன்று. தையல் மெஷினில் இருந்தது கடைசி வாரத் தேதி, அவள் கையெழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. என்னுடையது மட்டும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தது.

இரண்டாம் கையெழுத்துக்காரன் செய்ய வேண்டியதைச் செய்து பார்த்தேன். பொருளைக் கையில் எடுப்பது. பார்ப்பது. பூப்பந்து மட்டையை எடுத்தேன். நரம்பு அறுந்திருந்தது. எப்போது அறுந்தது, யாரோடு ஆடினாள், தெரியவில்லை. வைத்தேன். மழைக்கோட்டை எடுத்தேன். பையில் ஒரு பஸ் டிக்கெட் மாவாகியிருந்தது. வைத்தேன். நிலப்படப் பெட்டியில் இருந்ததை நகத்தால் கிளப்பினேன். பசை காய்ந்திருந்தது. ஒரு மூலை மட்டும் வந்தது.

"உரிக்கறீங்களா சார்?" லாரிக்காரர் கீழே நின்று கேட்டார். "உரிச்சா இறக்கிடறோம். அதுக்கென்ன. சொல்லுங்க, எது எது?"

"தெரியலை."

"ஒண்ணா ரெண்டா?"

"தெரியலைங்க."

அவர் கோபப்படவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "எங்கம்மா போனப்போ நானும் இப்படித்தான் சார். கடைசியில ஒரு ஓட்டை வாளியை எடுத்து வெச்சுக்கிட்டேன். ஏன்னு இன்னிக்கு வரைக்கும் பொண்டாட்டி கேக்கறா. எதையாவது எடுத்துக்குங்க. எதுவானாலும் சரிதான்."

எதுவானாலும் சரியில்லை. எது என்று அவள் மனதில் ஒன்று இருந்திருக்கும். சைக்கிளா, நிலப்படமா. அல்லது எல்லாவற்றிலும் எது வேண்டுமானாலும் ஒன்று. இப்போது உரிக்கலாம். காலையில் சுற்றிப் பார்த்துப் போய்ச் சொல்ல அத்தை இருக்கிறார். கேட்க ஆள் இல்லை.

மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி மறுபடி ஒட்டினேன். ஒட்டவில்லை. இறங்கிவிட்டேன்.

"ஏத்துங்க" என்றேன்.

"நிஜமாவா சார்?"

"ஏத்துங்க."

கண்ணாடி அலமாரிக்கு என் போர்வையைக் கொடுத்தேன். அதை இருவரும் சாய்த்து, ஒருவரை ஒருவர் "உன் பக்கம், உன் பக்கம், யோவ் உன் பக்கம்" என்று திட்டிக்கொண்டு வெளியே கொண்டுபோனார்கள். சமையலறைப் பெட்டிகள் போயின. புத்தகங்கள் போயின. கூடத்தில் பேசினால் எதிரொலித்தது. அத்தை நாற்காலியிலேயே இருந்தார். பையைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார்.

குட்டி திரும்பி வந்து அவர் முன்னால் நின்றார். நெற்றியைத் துடைத்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தார். சிவப்பு ஸ்டிக்கர் அத்தையின் முழங்கைக்குக் கீழே இருந்தது.

"அம்மா, கொஞ்சம் எந்திரிக்கறீங்களா? இதுவும் போகுது."

அத்தை எழுந்திருக்கவில்லை. முழங்கையை மட்டும் தூக்கிக்கொண்டார், ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி. குட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கேட்கிற முகமில்லை. காத்திருக்கிற முகம். மகளுக்குப் பதிலாகக் காத்திருந்து பழகிய முகம்.

குட்டியும் என்னைப் பார்த்தார். வாசலில் லாரிக்காரர் கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தினார்.

ஒரே ஒரு வார்த்தை போதும். வேண்டாம் என்றால் போதும். உரிக்கக்கூட வேண்டாம். வாயைத் திறந்தேன்.

"அது..." என்றேன்.

"என்ன சார்?"

அத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற அனுப்பும் பிரிவுப் பேச்சுதான் வந்தது.

"பின்னங்கால் ஆடும். பார்த்துத் தூக்குங்க."

அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவர் ஓரமாக நகர்ந்து நின்றார். பை கீழே விழுந்தது, எடுக்கவில்லை. குட்டி குனிந்து ஒரு கையால் நாற்காலியைத் தூக்கினார். ஆடுகிற காலை மறு கையால் பிடித்துக்கொண்டு, நான் சொன்னபடியே, பார்த்துக் கொண்டுபோனார்.