சொல்தா வீட்டுச் சம்பந்தம்

அரசலாற்று முகத்துவாரத்தில் விசைப்படகு வந்து நின்றால் சிவபாலன் ஓடிப்போய் மீனைப் பார்க்க மாட்டான். தள்ளி நின்று டீ குடிப்பான். கேரளாவுக்கு மீன் ஏற்றி அனுப்பும் வியாபாரி அவன். ஐஸ் கரையக் கரையப் படகுக்காரன் முகம் வாடும். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் போய், "என்னா, வஞ்சரம் தளந்து போச்சு போலருக்கே" என்று உதட்டைப் பிதுக்குவான். வேறு வழியில்லாமல் அவன் கேட்ட விலைக்கே கொடுத்துவிடுவார்கள். பேரத்தில் தன்னை அடிக்கக் காரைக்காலிலேயே ஆளில்லை என்று அவனுக்கு நினைப்பு. அந்தப் புலி எலியான கதை இது.

2007 தை மாதம். பெற்றவர்கள் போன பிறகு தங்கை ஜெயப்ரியாவை வளர்த்தவன் அவன்தான். அவள் நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பெண் பார்க்க அமிர்தலிங்கம் வீட்டார் வருகிறார்கள் என்று தரகர் தங்கையன் சொன்னதும் சிவபாலனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அமிர்தலிங்கம் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்து பென்சன் வாங்குபவர். அப்படி வந்தவர்களை ஊரில் 'சொல்தா' என்பார்கள், தனி மரியாதை. மகன் கலைவாணனுக்குப் பாரிஸில் வேலை, பிரெஞ்சுக் குடியுரிமை. இந்த ஊரில் அது ஒன்று இருந்தால் போதும், மாப்பிள்ளைக்கு மூக்கு முழி இருக்கிறதா என்றுகூட யாரும் பார்ப்பதில்லை.

தங்கை போனால் பின்னாலேயே தானும் பாரிஸ் போய்விடலாம் என்று கணக்குப் போட்டான் சிவபாலன். வெட்கங்கெட்ட கணக்கு.

கூடத்தில் மகனோடு உட்கார்ந்ததுமே அமிர்தலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டார்.

"தம்பிக்கு ஞாயித்துக்கெழம பிளைட்டு. இன்னும் ரெண்டு எடம் பாக்க வேண்டியிருக்கு. சட்டுபுட்டுன்னு சொல்லிட்டீங்கன்னா நல்லது."

ஐஸ் கரையட்டும் என்று காத்திருக்கும் அதே தந்திரம்தான். தினமும் அதில் சோறு தின்கிறவனுக்கு, தன்மேல் அது பாய்ந்தபோது அடையாளம் தெரியவில்லை.

"அதுக்கென்னங்க, சொல்லுங்க" என்றான்.

"பொண்ணு படிப்ப நிறுத்திடணும். இங்க படிச்சது அங்க செல்லாது."

"அதுக்கென்னங்க."

"அங்க போறதுக்குப் பேப்பர் வர்ற வரைக்கும் நம்ம வூட்லதான் இருக்கணும். எங்க வூட்டம்மா படுத்த படுக்கையா கெடக்கா. பாத்துக்க ஆளு வேணும்."

"அதுக்கென்னங்க, நல்லா பாத்துக்கும்."

"இந்த வூட்டயும் பொண்ணு பேர்ல எழுதிடுங்க. நமக்கு ஒண்ணும் வேணாம், ஊர்ல ஒரு மதிப்புக்குத்தான்."

சிவபாலன் ஒரு தடவை கூரையை நிமிர்ந்து பார்த்தான். "செஞ்சிடலாங்க."

பதிலுக்கு ஒன்று கேட்க வேண்டும் என்று அந்தக் கரைச் சூரனுக்குத் தோன்றவேயில்லை. மாப்பிள்ளையோ புதுக் கைப்பேசியை அமுக்கிக்கொண்டிருந்தான். தன் தாய்க்கு ஆள் பிடிக்கும் இடத்தில் தனக்கென்ன வேலை என்பதுபோல் இருந்தது அவன் உட்கார்ந்திருந்த தோரணை.

காபித் தட்டோடு வந்த ஜெயப்ரியா, தட்டை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. கலைவாணனைப் பார்த்து, "பேப்பர் எப்பங்க வரும்?" என்று கேட்டாள்.

அவன் அப்பாவைப் பார்த்தான். "ஒரு வருஷமும் ஆவும், மூணு வருஷமும் ஆவும்" என்றார் அமிர்தலிங்கம்.

"அப்ப நான் படிப்ப முடிச்சிடுறேங்க. முடிச்சிட்டு உங்கம்மாவ நல்லா பாத்துக்குறேன். நீங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து என்னப் பாக்கணும். இந்த வூடு எங்கண்ணன் இருக்குற எடம், அது பேச்சுல வேணாம். சம்மதங்களா?"

கலைவாணன் மறுபடியும் கைப்பேசியை அமுக்கத் தொடங்கினான்.

"பொண்ணுக்கு வாய் நீளம்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார் சொல்தா. மகன் கைப்பேசியோடு பின்னாலேயே போனான். தரகரும் அவர்களோடு ஓடினார்.

"தேடி வந்த சீதேவிய வெரட்டிட்டியே!" என்று தங்கையிடம் குதித்தான் சிவபாலன்.

அவன் குதித்து முடிப்பதற்குள் தங்கையன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "வூடு வேணாங்குறாரு. படிப்பையும் முடிச்சுக்கட்டுமாம். இப்பவே சரின்னா நாளைக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாம்."

சிவபாலனின் முகம் மலர்ந்து, அப்படியே சுண்டியது. தெருமுனை தாண்டுவதற்குள் விட்டுவிடக் கூடியதை எதற்காகக் கேட்டார்கள்? கேட்டதையெல்லாம் கொடுக்கிற மடையன் ஒருவன் எதிரில் உட்கார்ந்திருந்தான், அதனால்தான். அந்த மடையன் யாரென்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"மாப்ள வருஷத்துக்கு ஒருக்கா வருவேன்னு சொன்னாரா?" என்று கேட்டான்.

தங்கையன் தலையைச் சொறிந்தார். "அவரு ஒண்ணும் பேசலீங்க."

"அப்ப எங்களுக்கு வேணாங்க. போய்ச் சொல்லிடுங்க."

தரகர் போன பிறகு தங்கையின் முகத்தைப் பார்க்கச் சிவபாலனுக்குக் கூசியது. "உன்ன ஒரு வார்த்த கேக்காம எல்லாத்துக்கும் தலையாட்டிட்டேம்மா" என்றான்.

ஜெயப்ரியா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"பேச ஒக்கார்றதுக்கு முந்தியே, எத விடமாட்டோம்னு முடிவு பண்ணிக்கணும்ண்ணே. நாம என்ன கேக்கப்போறோம்னும் தெரிஞ்சிருக்கணும். பேசுறது இன்னொருத்தவங்க வாழ்க்கையப் பத்தின்னா, அவங்களக் கேட்டுட்டுத்தான் வாயத் தொறக்கணும். இல்லன்னா ஆள வித்துட்டு வந்ததாத்தான் அர்த்தம்."