மூத்த வழியின் நீர்க்குடம்

சித்திரை வெயில் கரிசலைப் பாளம் பாளமாகப் பிளந்து போட்டிருந்த 1997ஆம் ஆண்டின் ஒரு முற்பகலில், நாகலாபுரத்துச் செல்லத்துரை வாடகைக் கார் பிடித்து அகதி முகாமில் வந்து இறங்கினான். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எவரை உறவே இல்லை என்று உதறினானோ, அந்தக் கருத்தையாவின் தகரக் கொட்டகை முன்னால், தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, அய்யா போயிட்டாவ. தூங்குன மேனிக்கே போயிட்டாவ. நீங்க வந்து நீர்க்குடம் எடுக்கணும்ணே."

வேலிக்கருவை விறகைப் பிளந்துகொண்டிருந்த கருத்தையா கோடரியைக் கீழே வைத்தார். இறந்தவர் பெயர் கடற்கரை; செல்லத்துரைக்குத் தகப்பன், கருத்தையாவுக்குச் சின்னையா. கருத்தையாவின் தகப்பனுடன் பிறந்த தம்பி. மூத்தவன் வழி வந்த ஆண்மகன் ஊருணியிலிருந்து முதற்குடம் சுமந்து வந்து பிணத்தைக் குளிப்பாட்டினால்தான் அந்தக் குடும்பத்தில் பாடை எழும்பும். மூத்த வழியில் உயிரோடிருந்த ஆண் கருத்தையா ஒருவரே.

அந்த மூத்தவர், கருத்தையாவின் தகப்பன், பஞ்சம் பிழைக்க இலங்கைத் தேயிலை மலைக்குப் போனவர். அங்கே பிறந்த கருத்தையா நடைபழகிய வயதில், நாற்பத்தெட்டில், ஒரு சட்டம் வந்து "நீ இந்நாட்டவன் அல்லன்" என்றது. அறுபத்துநான்கில் இந்தியா, இலங்கை இரண்டு அரசுகளும் மேசைக்கு இருபுறமும் அமர்ந்து, கொழுந்து பறித்த மனிதர்களைத் தலைக்கணக்கில் பங்கு பிரித்துக்கொண்டன. எவர் பங்கிலும் விழாமல் வவுனியாவில் காடு திருத்திக் கிடந்த கருத்தையாவைத் தொண்ணூறில் போர் படகேற்றி இராமேசுவரத்தில் எறிந்தது. அப்பன் பிறந்த மண்ணாயிற்றே என்று நாகலாபுரத்துக்கு வந்தார். சின்னையா கட்டிக்கொண்டு அழுதார். தொழுவை ஒட்டி ஒரு கூரை போட்டுக் கொடுத்தார்.

பிறகு ஒருநாள், முகாமுக்கு வெளியே வாழும் அகதிகளைத் தேடிக் காவல் அதிகாரி வந்தார். உறவினர் எவரேனும் பொறுப்பேற்றால் இருக்கலாம். இல்லையேல் இலங்கைக்குக் கப்பல் என்றார். மூத்த வழிப் பங்கு நிலத்தைக் கருத்தையா கேட்டுவிடுவானோ என்ற அச்சம் செல்லத்துரையின் நெஞ்சைத் தின்றுகொண்டிருந்த காலம் அது.

"இவன் யாருன்னே தெரியாது சார். பாவம் பாத்து மாட்டுத் தொழுவுல படுக்க விட்டோம்" என்றான். கடற்கரை குறுக்கே பேச வந்தபோது, "கெழவருக்குப் புத்தி தடுமாறுது சார்" என்று பெற்றவரின் வாயையும் அடைத்தான்.

சட்டம் தாளில் எழுதப்படுகிறது. அதற்குக் கையும் காலும் கொடுப்பவன் பக்கத்தில் படுத்திருக்கும் சொந்தக்காரன். விருப்பத்தோடு திரும்புவதாக ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் பெருவிரலை அழுத்த வைத்து, கருத்தையா குடும்பத்தைக் கப்பலேற்றினார்கள். மன்னார்க் கரையின் அகதிக் கூடாரத்தில், மருந்து வரும் பாதை அடைபட்டிருந்த ஒரு மழைக்காலத்தில், அவருடைய ஒரே மகள் சுதாராணி காய்ச்சலில் மாண்டாள். மீண்டும் படகேறி இராமேசுவரம், பிறகு இந்த முகாம்.

கொட்டகைக்குள்ளிருந்து கருத்தையாவின் மனைவி பொன்மணி வெளியே வந்தாள்.

"யாரு ஐயா நீங்க? தெரியலையே."

"மதினி, அப்படிச் சொல்லாதீய..."

"மதினியா? நாங்க சிலோன்காரங்க. ஒங்க தொழுவுல படுத்திருந்தோம். மாடு உசிரோட இருந்தாக் கூட்டிட்டு வாங்க, அது வேணா எங்கள அடையாளம் சொல்லும்."

"பங்காளியெல்லாம் முற்றத்துல உக்காந்திருக்காவ மதினி. மூத்த வழி குடம் வராம ஒருத்தனும் பாடையில கை வைக்க மாட்டேங்கான். வெயிலு வேற..."

பொன்மணி கணவனைப் பார்த்தாள். "போங்க. அன்னைக்குச் சொன்ன வாயால, இன்னைக்கு ஊரு முன்னால சொல்ல வைங்க."

மாலையில் தலையெண்ணும் முன் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு முகாமில் அனுமதி கிடைத்தது.

நாகலாபுரத்தில், நான்கு பேர் பிடித்த வெள்ளை வேட்டியின் நிழலில், மேளம் முன்னே முழங்க, கருத்தையா ஊருணியிலிருந்து குடம் சுமந்து வந்தார். முற்றத்தை அடைந்ததும் நின்றார். குடத்தை இறக்கவில்லை. மேளம் ஓய்ந்தது.

"செல்லத்துரை, நான் யாரு?"

முறைக்காகக் கேட்கும் கேள்வி என்றே அவன் எண்ணினான். எல்லோருக்கும் கேட்கும்படி முழங்கினான்: "எம் பெரியப்பா மவன்! ஒரே ரத்தம்!"

"எப்பலேருந்து?"

"இதென்ன கேள்விண்ணே? பொறந்ததுலேருந்துதான்."

கருத்தையா கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டியளா? அஞ்சு வருசத்துக்கு முன்னால போலீசு அதிகாரிகிட்ட, இவன் யாருன்னே தெரியாதுன்னு இந்த வாய்தான் சொல்லிச்சு. அந்தச் சொல்லுதான் என்னைக் கப்பல்ல ஏத்துச்சு. அந்தச் சொல்லுதான் எம் மவளைக் கொன்னுச்சு. நீ அன்னைக்குச் சொன்ன சாட்சிய இன்னைக்கு நான் ஏத்துக்கிடுதேன், செல்லத்துரை. நான் அந்நியன். அந்நியன் தண்ணி ஒன் வீட்டுக்கு ஆகாது."

குடத்தைக் கவிழ்த்தார். கரிசல் வெடிப்பு ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தது.

பங்காளிகளில் மூத்தவரான தங்கப்பாண்டியன் எழுந்தார். "ஏலே, அவன் தானா விரும்பிப் போனான்னுல்லாலே எங்ககிட்ட சொன்ன?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் எழுந்தார்கள்.

செல்லத்துரை ஓடிவந்து கருத்தையாவின் காலைப் பிடித்தான். "அண்ணே, மூத்த வழி நிலத்தை எழுதித் தாரேன். அய்யாவ இப்படிப் போடாதிய."

"எம் மவளப் பொதச்ச மண்ணு மன்னார்ல கிடக்கு. அத எழுதித் தருவியாலே?"

காலை விடுவித்துக்கொண்டு அவர் பிணத்தருகே போனார். தமக்காக அழுத ஒரே மனிதரின் பாதங்களை இரு கைகளாலும் பற்றினார். "சின்னையா, ஒங்களுக்குச் செய்ய மாட்டேன்னு இல்ல. ஒங்க மவனுக்குச் செய்ய மாட்டேன்." பாதங்களை விட்டு எழுந்து வாசலுக்கு நடந்தார்.

முகாமுக்குத் திரும்பப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தவரைத் தேநீர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, எடுத்தாச்சா?"

"இல்ல" என்றார் கருத்தையா. உச்சியில் நின்ற சூரியனை அண்ணாந்து பார்த்தார். "கிடக்கட்டும்."