துச்சளை குழந்தையை யாரிடம் கொடுத்தாள்

1

இந்தக் கதை அமலராணி டீச்சரின் கிண்டலிலிருந்து வந்தது.

செம்பாக்கத்தில் எங்கள் நகர் நலச்சங்கக் கட்டடத்தின் மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் நான் பாரதம் சொல்வது வழக்கம். (வீட்டுக்குள் பாரதம் சொன்னால் அண்ணன் தம்பிக்குள் சண்டை வரும் என்று இங்கே பாதிப் பேர் நம்புகிறார்கள். ராமாயணம் என்றால் ஹாலில் ஜமுக்காளம் விரிப்பார்கள். பாரதத்துக்குச் சங்கத்து மாடிதான்.) ஒரு சனிக்கிழமை கதை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது டீச்சர் கேட்டார்:

"ஏன்க்கா, நூறு அண்ணனுக்கு ஒரே தங்கச்சின்னீங்க. அதுக்கப்புறம் அவளைக் காணோம். மாவு அரைக்க அனுப்பிட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை.

துச்சளை என்று பெயர். துரியோதனனின் தங்கை. சிந்து நாட்டு ராஜா ஜயத்ரதனுக்கு வாழ்க்கைப்பட்டாள். போரில் அவனைக் கொன்றவன் அர்ச்சுனன், அவளுடைய சித்தப்பா மகன். போரெல்லாம் முடிந்த பிறகு யாகக் குதிரையோடு அதே அர்ச்சுனன் சிந்து நாட்டுக்கு வருகிறான். அவன் வந்துவிட்டான் என்று கேட்டதுமே அவள் மகன் சுரதன் பயத்தில் விழுந்து செத்துப்போகிறான். துச்சளை பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேரில் போர்க்களத்துக்கு வந்து, கணவனைக் கொன்றவன் முன்னால் நிற்கிறாள். இவ்வளவுதான் அவளுக்குக் கொடுத்த இடம்.

2

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்: 'துச்சளை பிறந்த அன்று அஸ்தினாபுரத்தில் நரிகள்' — நிறுத்திவிட்டேன். நரிகள் ஊளையிட்டது அவள் அண்ணன் பிறந்தபோது. அவளுக்காக ஒரு நாய்கூடக் குரைத்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது: 'நான் துச்சளை. என் தாலியை அறுத்தவன் என் அண்ணன்.' இது மைக் முன்னால் நின்று பேசுகிறவளின் குரல். அப்படிப் பேசத் தெரிந்தவளாக இருந்தால் அவளை இத்தனை பேர் மறந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது: 'குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டபோது அவள் பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.' இதை வைத்துக்கொண்டேன்.

முடிவில் ஒன்று சேர்த்தேன். அவள் தேரிலிருந்து இறங்குகிறாள். அர்ச்சுனன் வில்லைக் கீழே போடுகிறான். அவள் குழந்தையை அவன் மடியில் போடுகிறாள். (மடி மூலத்தில் இல்லை. நான் போட்டது. கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே.)

3

அடுத்த சனிக்கிழமை அதைச் சொன்னேன். மடிக்கு வந்தபோது பின்வரிசையில் ஒரு பெண் சட்டென்று எழுந்து படியிறங்கிப் போனாள். சுப்ரஜா என்று வைத்துக்கொள்வோம். போன வருஷம் கார் விபத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

முன்வரிசையில் அவள் மாமனார் கஸ்தூரிரங்கன் (இதுவும் வைத்த பெயர்தான்) அழுதுகொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார்.

"மடியில போட்டாளே மாமி, அதுதான் பெரிய மனசு. எங்காத்துலயும் அதான் நடக்கப்போறது. வர வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி சிங்கப்பெருமாள் கோவில்ல பேரனுக்குக் காது குத்தறோம். மாமன் மடி வேணுமே. பத்ரி ஒத்துண்டுட்டான்."

பத்ரி, சுப்ரஜாவின் அண்ணன். அதே காரில் இருந்தவன்.

"என் பையன் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டி, தானும் போய், அந்தப் பிள்ளையையும் ஆயுசுக்கும் காலை இழுத்துண்டு நடக்க வச்சுட்டான். அதையெல்லாம் மறந்துட்டு மடி குடுக்கறான். எவன் குடுப்பான், சொல்லுங்கோ."

4

மறுநாள் மத்தியானம் மழை. சுப்ரஜா குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து, உட்காராமலே பேசினாள்.

"மாமி, வண்டியை அவர் ஓட்டலை."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

"பத்ரிதான் ஓட்டினான். நான் பின்சீட்டு. படப்பை தாண்டி ஒரு லாரி நின்னுண்டிருந்தது. பத்ரி போன்ல யார்கூடவோ சிரிச்சுப் பேசிண்டே வந்தான். இவர் முன்னாடி உக்காந்து எனக்குச் சாத்துக்குடி உரிச்சுண்டிருந்தார் மாமி. ரெண்டு கையாலயும்."

"அப்புறம் எப்படிம்மா..."

"ஆஸ்பத்திரியில எங்கம்மா காதுல சொன்னா. போனவர் போயிட்டார், இருக்கறவனையாவது காப்பாத்துடின்னு. அவர்தானே ஓட்டினார்னு போலீஸ்காரர் கேட்டப்போ தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் பண்ணினது."

"மாமனாருக்குத் தெரியுமா?"

"தெரியாது. எங்கம்மா ஆத்துக்குப் போறப்பல்லாம் அவர் பத்ரி கையைப் பிடிச்சுண்டு மன்னிப்புக் கேக்கறார். அவனும் கேட்டுண்டு உக்காண்டிருக்கான். ஒரு நாள், பரவாயில்லை மாமான்னு சொன்னான்."

"நீயே சொல்லேன்."

"போய் நின்னேன் மாமி, ரெண்டு மூணு தடவை. வாயைத் திறந்தா, காபி வேணுமாப்பான்னு வருது. அவருக்கு இப்பல்லாம் காபி ஜாஸ்தியாயிடுத்து." அவள் சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "நீங்க எழுதுங்கோ. காது குத்துக்கு முன்னாடி நம்ம சங்கத்துப் பத்திரிகை வந்துடும், அதுல உங்க கதையைத்தான் அவர் முதல்ல படிப்பார்."

5

இங்கே நான் மாட்டிக்கொண்டேன்.

துச்சளையும் உதவவில்லை. ஜயத்ரதனைக் கொன்றது யார் என்பது பதினெட்டு அக்குரோணிப் படைக்கும் தெரியும். அவள் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செத்தவன் தன்னைத்தானே வெட்டிக்கொண்டான் என்று ஊர் சொல்லி, அதற்கு அவளும் தலையை ஆட்டி, ஜயத்ரதனின் அப்பா அர்ச்சுனனிடம் போய் மன்னிப்பு — இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வியாசருக்கே இப்படி ஒன்று தோன்றவில்லை.

கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன். படப்பையை மதுராந்தகமாக்கினேன், லாரியைப் பேருந்தாக்கினேன், காலைக் கையாக்கினேன். வாசித்துக் காட்டியபோது சுப்ரஜா, "இது வேற யாரோ மாமி" என்றாள். எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிட்டேன். பெயர்கள் மட்டும்தான் பொய்.

(பத்ரியைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அடித்துவிட்டேன். அதில் அவன் நன்றாகத் தூங்கினான், நன்றாகச் சாப்பிட்டான். எனக்கு எப்படித் தெரியும்? தன்னிடம் இன்னொருவர் மன்னிப்புக் கேட்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் முகத்தை நான் பார்த்ததில்லை.)

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: குழந்தை மாமன் மடியில் உட்காருகிறது. ஆசாரி காதைக் குத்துகிறார். குழந்தை வீறிடுகிறது, எல்லோரும் கல்கண்டு தின்கிறார்கள். சில வருஷம் கழித்துப் பெரியவர் தன் பையன்மேல் இருந்த கோபத்தோடேயே கண்ணை மூடுகிறார். குழந்தை வளர்ந்து, அப்பா மோசமாக வண்டி ஓட்டிச் செத்தவர் என்று எல்லோரிடமும் சொல்கிறான்.

இன்னொன்று: பெரியவருக்குத் தெரிந்துவிடுகிறது. போலீஸ், வக்கீல். பத்ரி உள்ளே போகிறான். சுப்ரஜாவின் அம்மா மகளுக்குக் கதவைத் திறப்பதில்லை. பெரியவர் மருமகளைப் பார்த்து, "நீயுமா" என்று மட்டும் கேட்கிறார். அதற்கப்புறம் அந்த வீட்டில் இரண்டு பேரும் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று எனக்கு எழுத வரவில்லை.

மூன்றாவதில் துச்சளை குழந்தையை யார் மடியிலும் போடாமல் இரண்டு படைகளுக்கும் நடுவே மண்ணில் விட்டுவிட்டு

6

சனிக்கிழமைதோறும் மூட்டு வலியோடு மாடியேறி வந்து, என் தடுமாற்றத்தையெல்லாம் பொறுத்துக் கேட்கிற கண்ணுகளா, உங்களுக்கு இந்தக் கதையில் முடிவு இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். இனி இருப்பது ஒருவருக்கு மட்டும்.

சார், மூன்றாவது பகுதியிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான்காவதைத் திரும்பப் படித்திருப்பீர்கள். நான் இட்டுக்கட்டுகிறவள், மடியைக்கூட நானேதான் போட்டேன் என்று ஒப்புக்கொண்டவள். அதனால் இதையும் கிழவியின் கற்பனை என்று தள்ளிவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படித் தள்ளிவிட்டால் யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். காது குத்துக்கு நானும் வந்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போவேன்.

ஆனால் உங்கள் பையன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

இதழ் வந்ததும் உங்கள் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையோடு பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பேன் என்று அவள் என்னிடம் சொன்னாள். கதவைச் சாத்த மாட்டாளாம். நீங்கள் பக்கத்தைப் புரட்டுவது நின்று கொஞ்ச நேரமாகியிருக்கும். அது அவளுக்குக் கேட்டிருக்கும். உங்களாலும் உடனே எழுந்திருக்க முடியாது, தெரியும். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா, குழந்தையைக் கூப்பிடுவதா, யாரையுமே கூப்பிடாமல் இருப்பதா, நான் எழுதப்போவதில்லை. அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.