இரண்டங்குலக் குழாய்

"இந்தப் பினாங்குத் தீவுல தண்ணியோட மனசைப் படிச்சவன் நான் ஒருத்தன்தான்" என்றார் ஜபருல்லா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடல் தாண்டி எதிர்க்கரைப் பிறை ஊரில் தேடினாலும் இரண்டாவது ஆள் அகப்படமாட்டான் என்றும், விவரம் விட்டுப்போய்விடக் கூடாதே என்ற அக்கறையோடு சேர்த்துக்கொண்டார்.

கேட்டுக்கொண்டு நின்றவன் குழாய் பொருத்தும் நல்லமுத்து. கையில் மாதிரிக்கு அரையங்குல இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை வைத்திருந்தான். ஜபருல்லா அதை வாங்கி ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார்.

"இதுல எறும்புதான்பா போகும். ரெண்டங்குலம் போடு."

"முதலாளி, தெருவுலேருந்து உங்க வீட்டுக்கு வர்றதே அரையங்குலம். உள்ளே பெருசாப் போட்டா தண்ணிக்குப் பலம் கூடாது. மாடியில ஒரு தொட்டி வைங்க. தெரு தூங்குறப்போ தானா ஏறி ரொம்பிடும். பகல்ல எல்லாரும் திறந்துட்டா மாடிக்கு ஏறாது."

"தண்ணியைச் சேத்து வைக்கிறது பயந்தாங்கொள்ளி வேலை. தண்ணீர்மலை எவ்வளவு உசரம்? என் மாடி எவ்வளவு உசரம்? அங்கேருந்து குதிச்சு வர்ற தண்ணிக்கு என் மாடி ஒரு பொருட்டா?"

நல்லமுத்து இரண்டங்குலம் போட்டான்.

ஜெலுத்தோங்கில் சுண்ணாம்பு வாசனை போகாத அந்த மாடிவீடு ஜபருல்லாவுக்கு வெறும் வீடல்ல, விடுதலை. பதினோரு வருஷம் அவர் குடியிருந்தது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், மனைவியின் அண்ணன் அப்துல் ரஹீமின் கடை மாடியில். அங்கே சுப்பையா என்பவர் தோள்கம்பின் இரு முனையிலும் மண்ணெண்ணெய்த் தகரம் கட்டி, தினம் மூன்று நடை தண்ணீர் ஏற்றிச் சாடியை நிரப்புவார். ஜபருல்லா அவருக்கு 'கால் முளைத்த குழாய்' என்று பெயர் வைத்திருந்தார். பதினோரு வருஷமும் அந்தத் தண்ணீரில்தான் முகம் கழுவினார். கழுவிக்கொண்டேதான் கேலியும் செய்தார்.

அவர் மனைவி ஆசியா பீவி போட்டது ஒரே நிபந்தனை. "அண்ணன் வீட்டு மாடியில தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யத் தண்ணி இருக்கு. இங்கேயும் மாடியில தண்ணி வந்தா பெட்டியைத் திறப்பேன். இல்லாட்டி வந்த ரிக்ஷாவுலயே திரும்பிடுவேன்."

தெரு விழிக்குமுன் ஒரு விடிகாலையில் ஜபருல்லா மாடிக் குழாயைத் திருகிப் பார்த்தார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. தேவையில்லாமல் மூன்று தரம் முகம் கழுவிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை புதுவீட்டு மௌலூது ஓதலுக்கு எல்லாரையும் அழைத்துவிட்டார்.

ஞாயிறன்று ரஹீமின் அன்பளிப்பும் வந்து இறங்கியது. சுப்பையாவின் கம்பில் ஒரு முனையில் நெய்ச்சோற்று அண்டா, மறுமுனையில் பெரிய சீனத்துச் சாடி.

"இது எதுக்கு மச்சான்? செடிதான் வைக்கணும்" என்றார் ஜபருல்லா.

"வைங்களேன், மச்சான்" என்றார் ரஹீம். ஆசியா பீவி சாடியை மாடிக் குளியலறை மூலையில் வைக்கச் சொன்னாள். தன் பெட்டியை மட்டும் பூட்டுத் திறக்காமல் படிக்கட்டடியில் நிறுத்தினாள். வாசலில் ரிக்ஷாக்காரன் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

நண்பகல். கொல்லையில் அறுபது பேருக்குக் கறி ஆணம் கொதித்தது. தெருவிலும் வீட்டுக்கு வீடு ஞாயிற்றுக்கிழமைச் சமையல். ஜபருல்லா மேலே போய்க் குழாயைத் திருகினார். அது மறந்துபோன பெயரை யோசிக்கும் கிழவரைப் போல ஒரு முனகல் முனகியது. இரண்டு சொட்டு விட்டது. அப்புறம் யோசிப்பதையும் நிறுத்திவிட்டது.

மௌலூது முடிந்தது. மாடிக் கூடத்திலிருந்து ரஹீமின் குரல்: "மச்சான், லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு. ஒளு செய்யணும். உங்க மலைத் தண்ணி எங்கே?"

"புதுக் குழாய் மச்சான், கொஞ்சம் மூச்சு வாங்குது. இதோ வந்துடும்!"

பின்படி வழியாக இறங்கினார். கொல்லைக் குழாயில் தண்ணீர் நன்றாகவே ஓடியது. சுவரில் சாய்த்திருந்த சுப்பையாவின் கம்பை எடுத்து, சமையலுக்குத் தண்ணீர் பிடிக்க வைத்திருந்த இரண்டு தகரத்தை நிரப்பி மாட்டினார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சுப்பையா நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. தொழில் தெரிந்தவர்.

"அண்ணே, தோள்ல துண்டை மடிச்சுப் போடுங்க. தண்ணி மேல வாழையிலைத் துண்டு ஒண்ணு மிதக்க விடுங்க, தளும்பாது."

ஜபருல்லா இரண்டையும் செய்தார். முதல் நடையில் முழங்கால் படியில் இடித்தது. இரண்டாவது நடையில் சாடி பாதிக்கு மேல் நிறைந்தது. கம்பையும் தகரங்களையும் கதவுக்குப் பின்னால் மறைத்துவிட்டு, "வாங்க மச்சான்!" என்று கூப்பிட்டார்.

ரஹீம் வந்து சாடியைப் பார்த்தார். அதில் ஓர் இலைத் துண்டு மிதந்தது. அந்த இலையை அவர் பல வருஷமாகத் தன் வீட்டில் பார்த்து வருபவர்.

"ரெண்டங்குலக் குழாய்ல இலையெல்லாம் வருதே மச்சான்."

"மலைத் தண்ணியாச்சே. மேலே மரம் நிறைய."

"வாழை மரமா?"

"எல்லா மரமும்."

ரஹீம் பொறுமையாகக் கைகால் கழுவிக்கொண்டு போனார். அவர் பின்னால் ஆசியா பீவி வந்தாள். சாடியை எட்டிப் பார்த்தாள். கணவரின் ஈரத் தோளையும் பார்த்தாள். கீழே போய் ரிக்ஷாக்காரனை அனுப்பிவிட்டு, பெட்டியின் பூட்டைத் திறந்தாள்.

"ஒளு செய்ய இன்னும் இருபது பேர் இருக்காங்க" என்று படிக்கட்டடியிலிருந்து குரல் கொடுத்தாள். "குழாய் நிக்காமப் பாத்துக்குங்க."

ஜபருல்லா துண்டைத் திருப்பி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். காலித் தகரங்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடாதபடி இரு கையாலும் பிடித்தபடி, பின்படியில் இறங்கினார்.